குளிரும் சுழியோடியும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மட்டக்களப்புக் கடலடியில் கிடக்கும் போர்க்காலக் கப்பல்களைப் பற்றிக் கடந்த இதழில் எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கப்பல்களைவிட, அவற்றைப் பார்க்க இறங்குபவர்களின் உடலைப் பற்றியே கேட்டிருந்தன. சிலிண்டருடன் சுழியோடும்போது உடல் குளிர்ந்துபோகாமல் காப்பது எப்படி என்பதே பலருடைய கேள்வி. வெயிலுக்குப் பழகிய நம் பகுதியில் இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு என்பதாலும், நம் பிள்ளைகள் நோர்வே, கனடா, சுவிற்சர்லாந்து என்று குளிர்நீர் உள்ள நாடுகளுக்குப் போய் அங்கும் சுழியோடத் தொடங்கிவிட்டார்கள் என்பதாலும், இம்முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியுள்ளேன்.

கேள்வி: பாசிக்குடாவில் சுற்றுலாப் பயணிகளைச் சுழியோட அழைத்துச் செல்லும் படகில் வேலை செய்கிறேன். எங்கள் கடல் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. ஆனாலும் அன்றைய இரண்டாவது சுழியோட்டத்தில் அரை மணி நேரம் கழிந்ததும் உடல் நடுங்கத் தொடங்குகிறது. படகில் ஏறிய பிறகு நடுக்கம் இன்னும் கூடுகிறது. இது என் உடலில் உள்ள குறையா?
— வாசகர், கல்குடா

பதில்: குறை எதுவும் இல்லை, உங்கள் உடல் செய்ய வேண்டியதைத்தான் செய்கிறது. நம் கடலின் மேற்பரப்பு நீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 27 பாகை செல்சியசுக்கும் 30 பாகைக்கும் இடையில் இருக்கிறது. கையை விட்டுப் பார்த்தால் இதமாகத் தோன்றும். ஆனால் நம் உடலின் உள்வெப்பநிலை 37 பாகை. மெல்லிய உடையுடன் அசையாமல் நீரில் கிடக்கும் ஒருவர் சூட்டை இழக்காமல் இருக்க வேண்டுமானால், அந்த நீர் 33 முதல் 35 பாகை வரை இருக்க வேண்டும். அதற்குக் குறைந்த எந்த நீரும், பாசிக்குடா நீரும்கூட, உடலிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டே இருக்கும். நோர்வேக் கடல் அதை விரைவாக எடுக்கிறது, நம் கடல் மெதுவாக எடுக்கிறது, வேறுபாடு அவ்வளவே.

காற்றைப் போல் ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக நீர் வெப்பத்தைக் கடத்துகிறது. அத்துடன், ஒரே கனவளவுள்ள காற்றைச் சூடாக்குவதற்கு வேண்டிய வெப்பத்தைப் போல் 3,000 மடங்குக்கும் மேலான வெப்பம் நீருக்கு வேண்டும். ஆகவே தோலை ஒட்டியிருக்கும் நீரை உடல் சற்றுச் சூடாக்கிக்கொள்வதற்குள், நீரோட்டம் அதை அகற்றிப் புதுநீரைக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. மூச்சிலும் சூடு போகிறது. கொம்பிரசரில் ஈரம் நீக்கி அடைத்த வரண்ட காற்றை நுரையீரல் ஒவ்வொரு மூச்சுக்கும் சூடாக்கி, ஈரமாக்கி, பின் வெளியே விட்டுவிடுகிறது. ஆழம் கூடக்கூட மூச்சுக்காற்று அடர்த்தியாவதால் இந்த இழப்பும் கூடுகிறது.

இரண்டாவது சுழியோட்டத்தில் நடுக்கம் வருவதற்குக் காரணம், முதலாவதில் இழந்த சூட்டை முழுமையாகத் திரும்பப் பெறாமல் இறங்குவதே. வெயில் பட்டுத் தோல் சூடானதும் உடல் தேறிவிட்டதாக நினைக்கிறோம். தோல் சூடாக இருப்பது உள்ளுடல் தேறியதற்கு அடையாளம் ஆகாது. அதிலும் உங்களைப் போன்ற வழிகாட்டிகளின் நிலை பயணிகளின் நிலையைவிடக் கடினமானது. பயணி ஆர்வத்தில் நீந்திக்கொண்டே இருப்பார்; நீங்களோ அவருக்காக முருகைக்கல்லின் ஓரத்தில் அசையாமல் காத்திருப்பீர்கள். பயணி ஊருக்குத் திரும்பிவிடுவார். நீங்கள் மறுநாளும் இறங்க வேண்டும்.

படகில் நடுக்கம் கூடுவதற்குக் கச்சான் காற்று காரணம். சுழியோடும் பருவமான மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில்தான் அதுவும் வீசுகிறது. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இப்பக்கம் இறங்கிவரும் காற்று என்பதால் அதில் ஈரம் குறைவு. ஈர வெட்சூட்டுடன் (சுழியோடிகள் அணியும் றப்பர் உடை) படகின் முன்பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் மேல் அக்காற்று வீசும்போது, உடையின் வெளித்துணியில் ஊறியிருக்கும் நீர் விரைவாக ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை அவருடைய உடலிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. சுடுகாற்று என்று நாம் அழைக்கும் காற்றிலேயே ஒருவர் பல்லோடு பல் அடிக்க நடுங்குவது இதனால்தான்.

மேலேறியதும் ஈர உடையைக் களைந்து, தலையையும் மார்பையும் துவாயால் துடைத்து, உலர்ந்த மேற்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு இயந்திரத்தின் பக்கம் காற்று மறைவில் உட்காருங்கள். உடையைக் களைய வசதியில்லை என்றால், காற்றுப் புகாத மழைக்கோட்டு ஒன்றை அதன் மேலேயே போட்டுக்கொள்ளலாம். நம் கடலுக்கு 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள முழுநீள வெட்சூட் போதும். ஆனால் பலர் அணியும் அரைக்கைப் பனியனும் காற்சட்டையும் போதாது. பருத்திப் பனியன் நீருக்குள் எந்தச் சூட்டையும் காப்பதில்லை.

நடுக்கம் தொடங்கியபின் ‘இன்னும் பத்து நிமிடம் பார்ப்போம்’ என்று இருக்க வேண்டாம். உடல் குளிரும்போது விரல்களுக்கு முன்பே முடிவெடுக்கும் திறன் மங்கத் தொடங்கலாம். நடுங்கும் தசைகள் ஒட்சிசனைப் பல மடங்கு கூடுதலாகச் செலவிடுவதால், சிலிண்டரில் உள்ள காற்றும் நீங்கள் கணக்கிட்டதைவிட விரைவில் தீரும். முதல் நடுக்கம் வந்ததுமே பயணிகளுக்குக் கைச்சாடை காட்டி மேலேறுவதுதான் சரி. அதைப் பலவீனம் என்று சொல்லும் முதலாளியிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: ஹெர்மிஸ் கப்பலைப் பார்க்க வந்த வெளிநாட்டவர்கள் தடித்த உடையும் தலையுறையும் அணிந்து புறப்பட்டதைக் கண்டேன். நம்முடைய கடலுக்கு அது தேவைதானா?
— வாசகர், கல்லடி

பதில்: தேவைதான், அவர்கள் தெரிந்தே அணிகிறார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்த விமானந்தாங்கிக் கப்பல் 50 மீற்றருக்கும் மேலான ஆழத்தில் கிடக்கிறது. அங்கே அமுக்கம் மேற்பரப்பில் இருப்பதைப் போல் 6 மடங்கு. வெட்சூட் தைக்கப்படும் நியோபிரீன் என்பது நைதரசன் வாயுக் குமிழிகள் நிறைந்த றப்பர். உடையின் உள்ளே புகும் நீர்தான் சூட்டைக் காக்கிறது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உண்மையில் சூட்டைக் காப்பவை அந்தக் குமிழிகளே. 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வெட்சூட்டை உருவாக்கிய இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் கண்டறிந்ததும் இதைத்தான். ஆழத்தில், கையில் பிடித்து நசுக்கிய பாண் துண்டைப் போல் அந்த றப்பர் ஒடுங்கிவிடுகிறது. 10 மீற்றரில் குமிழிகளின் கனவளவு ஏறக்குறைய பாதியாகிறது. 30 மீற்றரில் கால்பங்கு. ஹெர்மிஸ் கிடக்கும் ஆழத்தில் ஆறிலொன்றுக்கும் குறைவு. மேலே 5 மில்லிமீற்றராக இருந்த உடை, கீழே மெல்லிய துணி அளவுக்கே பயன்படுகிறது.

இன்னொன்று, அந்த ஆழத்துக்கு இறங்குவோர் பலர் ஈலியம் கலந்த வாயுவைச் சுவாசிக்கிறார்கள். ஆழத்தில் நைதரசன் தரும் மயக்கத்தைத் தவிர்க்க அது உதவுகிறது. ஆனால் ஈலியம் காற்றைப் போல் ஏறக்குறைய 6 மடங்கு வெப்பத்தைக் கடத்தக்கூடியது. நீர் உள்ளே புகாத ட்ரைசூட் என்ற உடையை அணிபவர்கள் அதே கலவையை உடைக்குள் நிரப்பினால் விரைவில் விறைத்துப்போவார்கள். ஆகவே உடைக்கென்று தனியாக ஒரு சிறு சிலிண்டரில் காற்றையோ ஆகன் வாயுவையோ கொண்டுசெல்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது மேலேறும் நேரம். கப்பலில் கழிக்கும் சில நிமிடங்களுக்காக, திரும்பும் வழியில் 6 மீற்றரிலும் 3 மீற்றரிலும் கயிற்றைப் பிடித்தபடி நீண்ட நேரம் அசையாமல் நிற்க வேண்டியிருக்கிறது. உடலில் கரைந்த வாயு மெல்ல வெளியேறுவதற்கான காத்திருப்பு அது. அந்த நேரத்தில் உடல் குளிர்ந்தால், தோலுக்கும் கைகால்களுக்கும் ஓடும் இரத்தம் குறைந்து, அங்கே கரைந்திருக்கும் நைதரசன் வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுப் பிரிவு 2007இல் வெளியிட்ட அறிக்கை இதைத் தெளிவாகக் காட்டியது. ஆழத்தில் சூடாக இருந்து மேலேறும்போது குளிர்ந்தவர்களுக்கே அமுக்கநோய் (கரைந்த வாயு உடலுக்குள் குமிழிகளாகப் பிரிவதால் வரும் நோய்) கூடுதலாக வந்தது. ஆழத்தில் குளிர்ந்து மேலேறும்போது சூடாக இருந்தவர்களுக்கு மிகக் குறைவாக வந்தது. அந்த ஆய்வில் ‘சூடு’ என்று வைத்துக்கொண்ட நீர் 36 பாகை. ‘குளிர்’ என்று வைத்துக்கொண்டது 27 பாகை. அதாவது, நம் மட்டக்களப்புக் கடலின் வெப்பநிலையே அங்கே குளிர் என்று கணக்கிடப்பட்டது. நம் கடலில் ஆழமாக இறங்கும் ஒவ்வொருவரும் இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

கேள்வி: உடல் முழுவதும் நல்லெண்ணெய் பூசிக்கொண்டும், கொஞ்சம் சாராயம் குடித்துவிட்டும் இறங்கினால் குளிர் தெரியாது என்று எங்கள் பக்கத்து மூத்தவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
— வாசகர், திருக்கோவில்

பதில்: மூத்தவர்களின் அனுபவத்தை நான் மதிக்கிறேன். கடலின் நிறத்தையும் நீரோட்டத்தையும் பார்த்து அவர்கள் சொல்வதை எந்தக் கருவியும் எளிதில் மிஞ்சாது. ஆனால் இந்த இரண்டிலும் அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டாம். தோலில் பூசும் எண்ணெய்ப் படலம் சூட்டைத் தடுக்கும் அளவுக்குத் தடிப்பானதன்று. உராய்வைக் குறைக்கும், அவ்வளவே. மாறாக, அது ட்ரைசூட்டின் கழுத்திலும் மணிக்கட்டிலும் உள்ள லேடெக்ஸ் பட்டைகளைக் கெடுத்துவிடும். ஒட்சிசன் கூடிய வாயுவைப் பயன்படுத்துவோரின் சிலிண்டர் வாயிலும், அதன் காற்றை மூச்சுக்கு ஏற்ற அமுக்கத்தில் தரும் ரெகுலேட்டரிலும் எண்ணெய் பட்டால் தீப்பற்றும் ஆபத்தும் உண்டு.

சாராயம் அதைவிடத் தீங்கானது. அது தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்வதால் உள்ளேயிருக்கும் சூடான இரத்தம் தோலுக்கு வருகிறது. அதனால்தான் உடல் சூடானதாகத் தோன்றுகிறது. அந்தச் சூடு அப்படியே நீருக்குப் போய்விடுகிறது. உடல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் நடுக்கத்தையும் அது மழுங்கடிக்கிறது. சிறுநீரைக் கூட்டி உடலை வரளச் செய்கிறது.

சிறுநீரைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது. நீரில் மூழ்கும்போதும் குளிரும்போதும் இரத்தம் கைகால்களிலிருந்து நெஞ்சுப் பகுதிக்குத் திரள்வதால், உடலில் நீர் கூடிவிட்டது என்று எண்ணிச் சிறுநீரகங்கள் அதை வெளியேற்ற முயல்கின்றன. இதற்கு அஞ்சிப் பலர் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இறங்குகிறார்கள். பெண்களிடம் இந்தப் பழக்கம் கூடுதலாக இருப்பதை அறிவேன். உடல் வரண்டிருந்தால் அமுக்கநோய் வரும் வாய்ப்புக் கூடுகிறது. வெட்சூட்டுக்குள் சிறுநீர் கழிப்பது உலகெங்கும் சுழியோடிகள் செய்வதுதான். பிறகு நல்ல தண்ணீரில் கழுவினால் போதும். வெட்கத்துக்காக உடலை வருத்த வேண்டாம். இறங்குவதற்கு முன் சோறோ பிட்டோ சாப்பிட்டு, தண்ணீர் போதுமான அளவு குடித்து, இடைவேளைக்கு ஒரு சுடுதண்ணீர்ப் போத்தலில் தேநீர் கொண்டுபோவதே சாராயத்துக்கு மாற்று.

கேள்வி: அறுகம் குடாவில் அலைச்சறுக்கும் சுழியோடுதலும் பழகியவன் நான். நோர்வேயில் பேர்கன் நகருக்கு அருகில் இருக்கும் அண்ணா என்னை அழைத்திருக்கிறார். அங்கே கடலில் சுழியோட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அண்ணா தை மாதத்தில் வரச்சொல்கிறார். என்னிடம் 5 மில்லிமீற்றர் வெட்சூட் இருக்கிறது. அதன் மேல் இன்னொன்றை அணிந்தால் போதுமா?
— வாசகர், பொத்துவில்

பதில்: போதாது, தம்பி. முதலில் மாதத்தை மாற்ற முடியுமா என்று அண்ணாவிடம் கேளுங்கள். தை, மாசி மாதங்களில் அக்கடலோரத்து நீர் 5, 6 பாகை அளவில் இருக்கும். கோடையில் மேல்நீர் 15 பாகை அளவுக்கு உயர்கிறது. ஆழத்தில் அப்போதும் குளிர்தான். கனடாவின் பெரிய ஏரிகளிலும் சுவிற்சர்லாந்தின் ஏரிகளிலும் இதே நிலைதான் என்பதை அங்கே உறவினர் உள்ள மற்ற வாசகர்களுக்கும் சொல்லிவைக்கிறேன். நன்னீர் 4 பாகையில்தான் அடர்த்தி மிகுந்தது. அந்த நீர் அடியில் தங்கிவிடுவதால், மேலே வெயில் சுட்டெரிக்கும் ஆடி மாதத்திலும் ஆழமான ஏரியின் அடி 4, 5 பாகையிலேயே இருக்கும். ரொறன்ரோவிலிருந்து பலர் பழைய கப்பல்களைக் காணச் செல்லும் டொபர்மோரியிலும் கோடைக்காலம் என்று நம்பி மெல்லிய உடையுடன் இறங்கக் கூடாது.

10 பாகை அளவுக்கும் அதற்குக் கீழும் வேண்டியது ட்ரைசூட். 7 மில்லிமீற்றர் வெட்சூட்டுடன் சிலர் இறங்குவதுண்டு. சிறிது நேரம் தாங்கலாம், ஆனால் இரண்டாவது முறை இறங்க உடலில் சூடு மிஞ்சாது. ட்ரைசூட்டுக்குள் நீர் வராது. கழுத்திலும் மணிக்கட்டிலும் பட்டைகள் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் பலரின் ட்ரைசூட்டுகள் தாமாக எந்தச் சூட்டையும் காப்பதில்லை. காப்பவை உள்ளே அணியும் தடித்த உள்ளாடைகளும், அவற்றின் இழைகளுக்கிடையே தங்கும் காற்றுமே. ஆகவே உடைக்குக் கொடுக்கும் கவனத்தை உள்ளாடைக்கும் கொடுங்கள். தோலை ஒட்டி மெல்லிய கம்பளி, அதன் மேல் தடித்த பொலியெஸ்டர் உள்ளாடை, காலில் கம்பளிக் காலுறை என்பது நல்ல அமைப்பு. இங்கிருந்து பருத்திப் பனியன்களைக் கொண்டுபோய் உள்ளே அணிய வேண்டாம்: வியர்வையில் நனைந்த பருத்தி உடலோடு ஒட்டிக் குளிரை உள்ளே இழுக்கும்; கம்பளியோ சற்று நனைந்தாலும் சூட்டைக் காக்கும். அண்ணாவின் வீட்டில் கம்பளி உள்ளாடைகள் நிச்சயம் இருக்கும். கரையில் சிலிண்டரையும், உடல் மிதக்காமல் இருக்கக் கட்டும் ஈயத்தையும் தூக்கிக்கொண்டு அவசரமாக நடந்து வியர்த்துப்போவதும் தவறு. எல்லாவற்றையும் நீரோரம் வைத்த பிறகு உடையின் சிப்பை மூடுங்கள்.

ட்ரைசூட் அணிந்து முதல் நாளே ஆழத்துக்குப் போக முடியாது. அதற்கென்று தனிப் பயிற்சி உண்டு. அதைக் கட்டாயம் பெறுங்கள். இறங்கும்போது உடைக்குள் இருக்கும் காற்று ஒடுங்கி உடை உடலை நெரிக்கும். சிறிது சிறிதாகக் காற்றைச் சேர்க்க வேண்டும். மேலேறும்போது அதே காற்று விரியும். தோளில் உள்ள வால்வு வழியாக விட வேண்டும். காற்று கால் பக்கம் போய்விட்டால் நீங்கள் தலைகீழாக மேலே இழுத்துச் செல்லப்படுவீர்கள். அதிலிருந்து மீளும் முறையைப் பயிற்சியாளரின் முன்னிலையில், ஆழமற்ற நீரில், கைக்குப் பழகும்வரை செய்துபாருங்கள். உள்ளாடையில் உள்ள காற்றினால் உடல் மிதக்கும் என்பதால், பொத்துவிலில் பயன்படுத்தியதைவிட ஈயம் கணிசமாகக் கூடும்.

அடுத்தது ரெகுலேட்டர். சிலிண்டரில் 200 பார் அமுக்கத்தில் இருக்கும் காற்று முதல் கட்டத்தில் சட்டென்று விரியும்போது கடுமையாகக் குளிர்கிறது. சுற்றியுள்ள நீரும் உறைநிலைக்கு அருகில் இருந்தால், அங்கே பனிக்கட்டி உருவாகி வால்வு திறந்தபடியே சிக்கிக்கொள்ளும். காற்று நிற்காமல் கொட்டத் தொடங்கி, சில நிமிடங்களில் சிலிண்டர் காலியாகிவிடும். ஐரோப்பியத் தரநியமப்படி, 10 பாகைக்குக் குறைந்த நீருக்கெனச் சோதிக்கப்படாத ரெகுலேட்டர்களில் ‘10 பாகைக்கு மேல்’ என்று பொறிக்கப்பட்டிருக்கும். உங்களிடம் உள்ளது அவ்வகையாக இருந்தால் அதை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அங்கே குளிர்நீருக்கானதை வாடகைக்கு எடுக்கலாம். கரையில் நின்று அதைச் சுவாசித்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம்; மூச்சின் ஈரம் குளிர்காற்றில் உறையும். நீருக்குள் உடைக்குக் காற்றுச் சேர்க்கும்போது பொத்தானை நீண்ட நேரம் அழுத்தாமல் சிறு சிறு அழுத்தங்களாகச் செய்யுங்கள்.

கையும் தலையும் இருக்கின்றன. உடற்சூட்டில் பாதி தலை வழியாகப் போகிறது என்று சொல்வது மிகை. தலையின் பரப்பளவுக்கு ஏற்ற அளவே போகிறது. ஆனால் குளிரில் கைகால்களின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதுபோல் தலையின் குழாய்கள் சுருங்குவதில்லை. அதனால் தடித்த தலையுறை இன்றியமையாதது. முகத்தில் முதன்முதலாகக் குளிர்நீர் படும்போது நெற்றி பிளப்பதுபோல் வலித்து மூச்சு விரைவாகும். உடனே இறங்காமல், கரையோரம் நின்று முகத்தை நீரில் நனைத்து, மூச்சு அமைதியடைந்தபின் இறங்குங்கள். கையுறை தடிப்பாக இருக்கட்டும். ஆனால் மணிக்கட்டை இறுக்கி இரத்த ஓட்டத்தைத் தடுக்காத அளவு வேண்டும். ஈயப்பட்டியின் கொளுவியை அந்தக் கையுறையுடனேயே, கண்ணை மூடிக்கொண்டு கழற்ற முடிகிறதா என்று கரையிலேயே பாருங்கள். நீருக்குள் ஒருமுறை விறைத்த விரல்கள் நீருக்குள் தேறுவதில்லை. கட்டைவிரலால் சின்னவிரலைத் தொட முடியாமல் போகும் நிலைக்கு முன்பே சுழியோட்டத்தை முடித்துவிட வேண்டும்.

மின்கலத்தால் சூடேறும் உள்சட்டைகள் அங்கே விற்பனையில் உண்டு. முதல் ஆண்டில் அவற்றை வாங்காதீர்கள். ஆழத்தில் உடலைச் சூடாக வைத்திருந்து, மேலேறும் நேரத்தில் மின்கலம் தீர்ந்தால், கல்லடி வாசகருக்குச் சொன்ன அந்த ஆபத்தான நிலை தானாகவே அமைந்துவிடும். காற்றுப் பட்டால் சூடேறும் சிறு பொதிகளையும் உடைக்குள் வைக்க வேண்டாம். அமுக்கத்தில், அதிலும் ஒட்சிசன் கூடிய வாயுவில், அவை அளவுக்கு மீறிச் சூடாகித் தோலைச் சுட்டுவிடலாம்.

கேள்வி: குளிருக்கு உடலைப் பழக்கிக்கொள்ள முடியாதா? கொரியாவில் பெண்கள் பனிக்காலத்திலும் உடையின்றிக் கடலில் மூழ்குவதாகப் படித்தேன்.
— மாணவி, அக்கரைப்பற்று

பதில்: உடையின்றி என்பது சரியன்று; அவர்கள் பருத்தி உடை அணிந்து மூழ்கினார்கள். ஜெஜு தீவின் ஹெய்ன்யோ எனப்படும் அந்தப் பெண்கள் சிலிண்டர் இல்லாமல், மூச்சைப் பிடித்தபடி சிப்பியும் கடற்பாசியும் எடுப்பவர்கள். அவர்களின் பண்பாட்டை 2016இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. 1960களில் ஆய்வாளர்கள் அவர்களைப் பரிசோதித்தபோது, பனிக்காலத்தில் அவர்களின் உடல் ஓய்விலும் கூடுதலான வெப்பத்தை உண்டாக்குவதையும், மற்றவர்களுக்கு நடுக்கம் வரும் நீரில் அவர்களுக்கு நடுக்கம் தாமதமாக வருவதையும் கண்டார்கள். ஆகவே உடல் பழகும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பழக்கம், ஆண்டுதோறும் பனிக்கடலில் பட்ட பெரும் வருத்தத்தின் விளைவு. 1970களில் அவர்கள் வெட்சூட் அணியத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளிலேயே அந்த உடல்மாற்றம் மறைந்துவிட்டது. முன்பு குளிரால் விரைவில் கரையேறி நெருப்பில் குளிர்காய்ந்தவர்கள், உடை வந்தபின் நீண்ட நேரம் வேலை செய்தார்கள். உடலைப் பழக்கும் வழியும் உடையும் இரண்டும் கைக்கு எட்டியபோது அவர்கள் எதைத் தேர்ந்தார்கள் என்பதே உங்கள் கேள்விக்குப் பதில். நம்மூரில் நீங்கள் சில வாரம் குளிர்நீரில் குளித்துப் பழகினால், முதல் நிமிடத்தின் மூச்சுத்திணறல் குறையும். உள்ளுடல் குளிர்வது குறையாது.

கேள்வி: வெளிநாட்டவர் விட்டுச்சென்ற பழைய வெட்சூட் ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
— வாசகர், வாழைச்சேனை

பதில்: முழங்காலிலும் இடுப்பிலும் துணியை இரு விரலால் நசுக்கிப் பாருங்கள். விட்டதும் எழும்பி வந்தால் குமிழிகள் உயிரோடு இருக்கின்றன. நசுங்கியபடியே நின்றால் அது வெறும் றப்பர்த் துணிதான். பிறகு அணிந்து பாருங்கள். முதுகின் பள்ளத்திலும் கக்கத்திலும் வெற்றிடம் இருந்தால், ஒவ்வொரு அசைவுக்கும் சூடான நீர் வெளியேறிக் குளிர்நீர் உள்ளே வரும். பொருத்தமற்ற 5 மில்லிமீற்றர் உடையைவிட, உடலோடு ஒட்டிய 3 மில்லிமீற்றர் உடை சூட்டைக் காக்கும். வாங்கினால் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். நம் வெயில் நியோபிரீனை விரைவில் வெடிக்கச் செய்யும்.

கேள்வி: என் மகன் கடலட்டைக்குச் சுழியோடுகிறான். குளிரில் விறைத்து வருகிறான் என்று, வந்தவுடன் கொதிநீர் வைத்துக் குளிக்க வைக்கிறேன். சில நாட்களில் தோள் வலி என்கிறான். தைலம் பூசி விடுகிறேன். நான் செய்வது சரிதானா?
— தாயார் ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: அம்மா, உங்கள் கேள்வியைத்தான் இம்முறை வந்தவற்றுள் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். அன்போடு செய்கிறீர்கள், ஆனால் வந்தவுடன் கொதிநீர் வேண்டாம். ஆழத்திலிருந்து வந்தவரின் உடலில் நைதரசன் இன்னும் கரைந்திருக்கும். சூடான திரவத்தில் வாயு கரைந்திருக்கும் அளவு குறையும். விறைத்த தோலை நீங்கள் சட்டென்று சூடாக்கினால், இரத்த ஓட்டம் அதை அகற்றுவதற்கு முன் அந்த நைதரசன் அங்கேயே குமிழிகளாகப் பிரியலாம். ஈர உடையைக் களைந்து துடைத்து, உலர்ந்த சாரமும் சட்டையும் உடுத்தி, போர்வை போர்த்தி, சூடான தேநீரோ கஞ்சியோ கொடுத்து ஓய்வாக இருக்க விடுங்கள். உடல் தானாகத் தேறட்டும். சில மணி நேரம் கழித்து இளஞ்சூட்டு நீரில் குளிக்கலாம்.

தோள் வலியைப் பற்றி எனக்குக் கவலையாக இருக்கிறது. ஒரே நாளில் பல சிலிண்டர்களுடன் திரும்பத் திரும்ப இறங்கி, காத்திருக்காமல் விரைவாக மேலேறுபவர்களுக்குத் தோளிலும் முழங்கையிலும் வரும் வலி, பெரும்பாலும் அமுக்கநோயின் தொடக்கம். குளிரில் வந்த மரமரப்பு என்றும், பாரம் தூக்கிய வலி என்றும் எண்ணித் தைலத்தோடு விட்டுவிடுவதால்தான் இளைஞர்கள் சிலர் நடக்க முடியாத நிலைக்கு ஆளாகிறார்கள். உலர்ந்த உடையுடன் உடல் சூடேறிய பின்னும் வலியோ மரமரப்போ மிஞ்சினால், அது குளிரால் வந்ததன்று என்று கொள்ளுங்கள். கால் தளர்ச்சி, சிறுநீர் கழிக்க முடியாமை, தலைச்சுற்று, மூச்சுத்திணறல், தோலில் நீலம்பாய்ந்த படைகள் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம். மகனைப் படுக்க வைத்து, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள். படகில் ஒட்சிசன் இருந்தால் அதைச் சுவாசிக்கக் கொடுக்கச் சொல்லுங்கள். திரும்பவும் நீருக்குள் இறங்கினால் வலி தீரும் என்று கூட்டாளிகள் சொல்வார்கள், அனுப்பாதீர்கள். குளிர்ந்த உடல் இன்னும் குளிரும், வாயு இன்னும் சேரும். வைத்தியசாலையில் வைத்தியரைக் கண்டதும் முதலில் ‘சிலிண்டருடன் சுழியோடியவன்’ என்று சொல்லுங்கள். எத்தனை முறை இறங்கினான், எவ்வளவு ஆழம், கடைசியாக எத்தனை மணிக்கு மேலேறினான் என்பவற்றையும் சொல்லுங்கள். அமுக்க அறையில் வைத்துச் சிகிச்சை தர வேண்டுமா என்பதை அவர்கள் அதைக்கொண்டுதான் முடிவுசெய்வார்கள். இந்த விவரங்களை அவன் ஒவ்வொரு நாளும் உங்களிடமோ வீட்டில் ஒருவரிடமோ சொல்லும்படி இன்றிலிருந்தே பழக்கிவிடுங்கள். வலி வந்தபின் அவனால் சரியாகச் சொல்ல முடியாமல் போகலாம்.